.22 போட்டிக் கைத்துப்பாக்கிக்கு எந்த ஸ்பிரிங், எந்த கைடு ராடு?

கோவையில் 25 மீட்டர் பிரிவில் பயிற்சி பெறும் நான், என் .22 கைத்துப்பாக்கியின் ரீகாயில் ஸ்பிரிங்கை (சுட்டதும் பின்வாங்கும் மேற்பகுதியான ஸ்லைடை மீண்டும் முன்தள்ளும் சுருள்வில்லை) மாற்றுவது குறித்து அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன். வேகம் குறைந்த தோட்டாக்களைச் சுடும்போது ஸ்லைடு முழுமையாகப் பின்வாங்காததால், வெற்றுக்கூடு வெளியேறாமல், அது வெளியேறும் வாயிலிலேயே சிக்கிக்கொள்கிறது. விசை குறைந்த ஸ்பிரிங் இதைத் தீர்க்கலாம். ஆனால் அளவுக்கு மீறித் தளர்ந்தால் ஸ்லைடு சட்டகத்தில் பலமாக மோதும் என்ற தயக்கமும் உண்டு. எஃகு கைடு ராடு (ஸ்பிரிங்கின் உள்ளே செல்லும் தண்டு) முன்பக்க எடையைக் கூட்டி முனை எழும்புவதைக் குறைக்கும் என்றாலும், துப்பாக்கியின் எடைக்குப் போட்டி விதி வைத்துள்ள 1,400 கிராம் வரம்பையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. நம் ஊர் லேத் பட்டறைகளில் எதையும் கடைந்து தருவார்கள்தான். உரிமம் பெற்ற ஆயுதத்தின் பாகத்தை அங்கே கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பிரிங்கின் விசையை எத்தனை பவுண்டு குறைத்துத் தொடங்கலாம், எத்தனை ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.