மறுமொழி: ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’ – கரையுலாவும் தன்பொறுப்புக் கரையுலாவும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, அதனால் கேள்வியை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று போய்வரும் சொகுசுக் கப்பல்களில் ஏறப்போகும் மூத்தவர்களுக்காக நம் நண்பர் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறார். கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்கும் ஊரில் இறங்கிச் சுற்றிவிட்டு வருவதை ஆங்கிலத்தில் ஷோர் எக்ஸ்கர்ஷன் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது? அதைக் கப்பல் நிறுவனத்திடம் வாங்காமல் நாமே ஏற்பாடு செய்துகொண்டால் அதற்கு என்ன பெயர்? அவர் கேட்டது இந்த இரண்டும்தான்.

முதல் கேள்விக்கு இதுவரை வந்தவை: கரைச் சுற்றுலா, கரையுலா, நிலவுலா, தரைப்பயணம், கரை உல்லாசம்.

நிலவுலா காதுக்கு அழகு. ஆனால் நிலம், உலா என்று பிரித்துப் படிப்பவரைவிட நிலவு, உலா என்று படிப்பவர்தான் அதிகம் இருப்பார்கள். நிலா வெளிச்சத்தில் நடக்கக் கூப்பிடுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். தரைப்பயணம் என்றால் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் போவது. கரை உல்லாசம் ஈழத்து நண்பர் சொன்னது. உல்லாசப் பயணம் என்பது அங்கே நெடுங்காலம் மரியாதையாகப் புழங்கிய சொல்தான். தமிழ்நாட்டு நாளிதழ்களோ குற்றச் செய்திகளில் அதை வேறு பொருளுக்குத் தேய்த்துவிட்டன. இரவு விடுதிகளுக்குப் பேர்போன ஒரு கடற்கரை ஊரில் மூத்தவர்கள் இறங்கும்போது அந்தச் சொல் வேண்டாம்.

ஆக, கரைச் சுற்றுலாவா, கரையுலாவா என்பதுதான் மிச்சம். என் வாக்கு கரையுலாவுக்கு. ‘அப்படியென்றால் கடற்கரை மணலில் நடப்பது மாதிரி இருக்கிறதே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கடலில் இருப்பவருக்குக் கரை என்பது மணல் மட்டுமில்லை. மீனவர் ‘கரைக்குப் போகிறோம்’ என்றால் வீட்டுக்கு, ஊருக்கு, சந்தைக்கு என்று எல்லாம் அடங்கும். கப்பலில் இருப்பவருக்கும் அப்படித்தான். உண்மையில் கரைச் சுற்றுலா என்பதைத்தான் பலரும் கடற்கரைச் சுற்றுலா என்று புரிந்துகொள்வார்கள்.

உலாவில் இன்னொரு வசதி உண்டு. கோயிலில் உற்சவர் உலா புறப்பட்டால் வீதிகளைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்கே திரும்ப வேண்டும். திரும்பி வருவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஷோர் எக்ஸ்கர்ஷனில் முக்கியமானதும் அதுதான். எங்கே போனாலும் குறித்த நேரத்தில் அதே கப்பலுக்குத் திரும்ப வேண்டும்.

சரி, இரண்டாவது கேள்வி. அதில்தான் சிக்கல் அதிகம்.

> சுதந்திரக் கரையுலா
> தனிக் கரையுலா
> தனியார் கரையுலா
> தன்னிச்சைக் கரையுலா

நான்கையும் ஏற்கத் தயங்குகிறேன். சுதந்திரம் என்பது ஆங்கிலத்தில் உள்ள அடைமொழியை அப்படியே பெயர்த்தது. தமிழில் அந்த இடத்தில் அது உட்காரவில்லை. தனி என்றால் ஒற்றை ஆள். பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர் வேன் பிடித்துப் போவதைத் தனி உலா என்று யாரும் சொல்லமாட்டார்கள். தனியார் என்று போட்டால், கப்பல் நிறுவனமும் தனியார்தானே என்ற கேள்வி வரும். தன்னிச்சை என்ற சொல்லை இன்று ‘யாரையும் கேட்காமல் நடந்துகொண்டார்’ என்று குறை சொல்லவே எழுதுகிறோம்.

இந்த நான்கு சொற்களும் பயணி யார், எப்படிப்பட்டவர் என்பதையே பார்க்கின்றன. இரண்டு வகை உலாவையும் பிரிப்பது வேறு ஒன்று: தாமதமானால் யார் பொறுப்பு என்பது. அதைப் பாத்தோங்கை வைத்துச் சொல்கிறேன். கையேட்டில் அதிகப் பக்கம் பிடிக்கப்போகும் ஊரும் அதுதான்.

பாத்தோங், தாய்லாந்தின் புக்கெட் தீவில் மேற்குக் கரையில் இருக்கிறது. வளைந்த கடற்கரை, நீளம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பெரிய கப்பல் அங்கே கரையணையாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்களைச் சிறு படகுகளில் இறக்குவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் அலை உயரும். அப்போது தீவின் தென்கிழக்கில் உள்ள ஆவ் மக்காம் துறைமுகத்துக்குக் கப்பல்கள் மாறுவதுண்டு. ஒரே ‘புக்கெட்’ என்று அட்டவணையில் போட்டிருந்தாலும், எந்தப் பக்கம் இறக்கப்போகிறார்கள் என்பதைப் பார்க்காமல் உள்ளூர் வண்டிக்கு முன்பணம் கட்டக் கூடாது. இரண்டும் தீவின் எதிரெதிர்ப் பக்கங்கள், நடுவே மலைச் சாலை.

பாத்தோங்கில் இறங்கினால் ஒரு பகலில் என்ன முடியும்? தெற்கே அடுத்தடுத்து கரோன், கத்தா கடற்கரைகள். மலையைத் தாண்டினால் புக்கெட் பழைய நகரம். ஈயச் சுரங்கக் காலத்தில் சீன வணிகர்கள் கட்டிய வண்ண வீடுகள் தலாங் சாலையில் வரிசையாக நிற்கின்றன. வீட்டு முகப்பில் மாடிக்குக் கீழே வரிசையாக ஓடும் ஐந்தடி நடைபாதை, பினாங்கு பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். சலோங் புத்தர் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். இவையெல்லாம் நாமே ஒரு வேன் பேசிக்கொண்டு போகக்கூடியவை. சாலை அடைத்துக்கொண்டாலும் சமாளித்துத் திரும்பிவிடலாம்.

பீ பீ தீவு அப்படியில்லை. அதற்கான பெரும்பாலான படகுகள் கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகின்றன. முதலில் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும், அப்புறம் கடலில் போய்வர வேண்டும், திரும்பவும் தீவைக் கடக்க வேண்டும். பாங் ஙா விரிகுடாவுக்கும் இதே கணக்கு. மூன்று கட்டத்தில் ஒன்று பிசகினாலும் கப்பல் போய்விடும். அங்கே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் காசு கூடுதலானாலும் கப்பல் நிறுவனத்தின் ஏற்பாட்டிலேயே போகட்டும் என்பது என் கருத்து. நிறுவனத்தின் உலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் வேலை. நாமே போன உலா தாமதமானால் கப்பல் காத்திருக்காது. விமானச் சீட்டு நம் செலவு, அன்றிரவு தங்குவது நம் செலவு.

இதே இழையில் வேறொருவர், தகுவாபாவுக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் சொல்லும் கல்வெட்டு. நமக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் பாத்தோங்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போக வேண்டும். அதைக் கப்பல் நிற்கும் பகலில் வைத்துக்கொள்ளாமல், விமானத்தில் வந்து இரண்டு நாள் தங்கிப் பாருங்கள்.

இதனால்தான் பொறுப்பு என்ற சொல்லையே பெயருக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். கப்பல் நிறுவனம் நடத்துவது கப்பல்வழிக் கரையுலா. நாமே நடத்துவது தன்பொறுப்புக் கரையுலா. கையேட்டைப் புரட்டும் எழுபது வயதுக்காரருக்குத் தலைப்பிலேயே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

இலக்கண நண்பர் தற்பொறுப்பு என்றுதான் புணர வேண்டும் என்பார். தற்கொலை, தற்பெருமை போல அது சரியான புணர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் தற்பொறுப்பு என்று கண்ணில் பட்டதும் தற்காலிகப் பொறுப்பு என்று படிக்கிறவர்கள் இருப்பார்கள். தன்னாட்சி, தன்னம்பிக்கை என்ற வரிசையில் தன் என்பது முழுதாகத் தெரிவதே தெளிவு. புணர்ச்சிக்காகப் பொருளை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஐயமும் வந்தது. உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டிப் போகிறோம், ‘உரிய நேரத்தில் கப்பலில் சேர்த்துவிடுவோம்’ என்று அவர்களே உறுதி கொடுக்கிறார்கள். அது எந்த வகை? அதுவும் தன்பொறுப்புதான். அந்த உறுதி நமக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ள பேச்சு, கப்பலின் தலைவரை அது கட்டுப்படுத்தாது. பழைய அடைமொழிகளில் இது எங்கே சேரும் என்று குழம்ப வேண்டியிருந்தது. பொறுப்பு என்று வைத்தால் குழப்பமில்லை.

கூடவே வரும் சில சொற்கள்.

கப்பல் வழியில் நிற்கும் ஊருக்கு இடைத்துறை. இதற்கு எதிர்ப்பு வரவில்லை.

கப்பல் நேரம், உள்ளூர் நேரம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையேட்டில் இதற்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டு, கைபேசி மட்டும் தாய்லாந்து வலையமைப்பைப் பிடித்துத் தானாக மாறிவிட்டால், கப்பலில் ஐந்து மணி ஆகும்போது கைபேசியில் நான்குதான் காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதென்று உட்கார்ந்திருப்பார்கள். பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை, மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம். முதல் நாள் பினாங்கில் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில்தான் மறுநாள் புக்கெட்டில் தவறவிடுவார்கள். கையில் கட்டிய சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

எல்லாரும் ஏறிவிட வேண்டிய நேரத்துக்கு ஏறுகெடு என்று ஒருவர் சொன்னார். கெடு நல்ல சொல், எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏறுகெடு என்று ஒட்டி எழுதினால் கெடுவது, கெட்டுப்போவது என்று பார்வை போகிறது. திரும்புகெடு சற்றுப் பரவாயில்லை. பாத்தோங் மாதிரி நங்கூரம் போடும் இடத்தில் இதுகூட வேண்டாம், கடைசிப் படகு என்றே எழுதலாம். கடைசி பஸ் என்றால் தெரியாதவர் உண்டா? அங்கே உண்மையான கெடுவும் அதுதான். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு நன்றாக முன்பே கடைசிப் படகு கரையை விட்டுவிடும், வரிசையில் நிற்கும் நேரம் வேறு.

அந்தப் படகுக்குப் பெயர்? ஆங்கிலத்தில் டெண்டர். இங்கே ஒப்பந்தப்புள்ளி என்று யாராவது பெயர்த்துவிடுவதற்கு முன் முடிவெடுத்துவிடுவோம். தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நின்ற காலத்தில் சரக்கை ஏற்றி இறக்கியது தோணி. துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய சென்னையில் ஆட்களை அலை தாண்டிக் கொண்டுவந்தது மசூலா படகு. சிங்கப்பூரில் சரக்கை ஏற்றி இறக்கியது தொங்காங். யாழ்ப்பாணத்து நண்பர் பாதை என்கிறார், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மற்றவர்கள் அதை வழி என்றே படிப்பார்கள் என்பதால் பொதுக் கையேட்டுக்கு ஆகாது. தோணி எனக்குப் பிடித்த சொல், ஆனால் இயந்திரம் வைத்த, கூரை போட்ட, நூறு பேருக்கு மேல் ஏறும் படகைத் தோணி என்றால் மூத்தவர்கள் ஏறத் தயங்குவார்கள். கரைப்படகு என்று வைக்கலாமா?

எல்லாவற்றையும் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“பாத்தோங் இடைத்துறையில் கப்பல் கரையணையாது, கரைப்படகில் இறங்க வேண்டும். கப்பல்வழிக் கரையுலா வாங்கியவர்களை முதலில் இறக்குவது வழக்கம். தன்பொறுப்புக் கரையுலா போகிறவர்கள் இறங்கத் தாமதமாகலாம், வேன் பேசும்போது அதையும் கணக்கில் கொள்ளவும். கடைசிப் படகின் நேரத்தைக் கப்பல் நேரத்தில் குறித்துக்கொள்ளவும். துறைமுக முகவரின் தொலைபேசி எண் அன்றைய தகவல் தாளில் இருக்கும், அதைக் கையில் வைத்திருக்கவும். கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் அதன் நகலை எடுத்துச் செல்லவும்.”

வாசிக்கத் தடங்கல் இல்லை என்று நினைக்கிறேன். கரைப்படகு என்ற இடத்தில் மட்டும் எனக்கு உறுதியில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து நண்பர்கள், துறையில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்: தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து ஆட்களை மட்டும் ஏற்றிவந்த படகுக்கு அவர்கள் தனியாக ஒரு பெயர் வைத்திருந்தார்களா? இருந்தால் கரைப்படகை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.