1921-லேயே ஓட்டுரிமை வந்தும் எங்கள் அம்மிச்சிக்கு ஏன் கிடைக்கவில்லை?

கவுந்தப்பாடி மருமகள்:
வணக்கமுங்க. மகள் எட்டாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு, பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய அயர்லாந்துக்காரர் மார்கரெட் கசின்ஸ் தலைப்பு. சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை என்று படித்துவிட்டு, "அப்போ உங்க அம்மிச்சி ஓட்டுப் போட்டாங்களா?" என்கிறாள். அம்மிச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, முதல் ஓட்டுப் போட்டது 1952-ல்தான், வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். நடுவில் 30 வருஷம் என்ன ஆச்சு? அயர்லாந்துக்காரம்மா இங்கே எதற்கு வந்தார்?

தாராபுரம் டீச்சர்:
இரண்டாவது கேள்வி சுலபம், அம்மிணி. கணவர் ஜேம்ஸுக்கு அன்னி பெசன்ட் பத்திரிகையில் வேலை. 1915-ல் இருவரும் வந்தார்கள். ஆனால் வரும்போதே அந்தம்மா பெண்கள் ஓட்டுக்காக ஜெயில் பார்த்தவர். 1910-ல் லண்டன் ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913-ல் டப்ளின் கோட்டை சன்னலை உடைத்துவிட்டு டல்லமோர் சிறை. அங்கே அரசியல் கைதியாக நடத்து என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்து சாதித்தார். படித்ததென்னவோ இசை!

1917 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவைக் கவனித்த அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று ஒரு குழு போய்க் கேட்டது. தலைமை சரோஜினி நாயுடு, ஏற்பாடு கசின்ஸ். லண்டன்காரர்கள் மாகாணங்களே முடிவு செய்யட்டும் என்று நழுவினார்கள். 1921-ல் சென்னை சட்டசபைதான் முதலில் சரி என்றது.

அதில்தான் சிக்கல். ஓட்டு ஆளுக்கு இல்லை, சொத்துக்கு. ஆணுக்கும் அப்படித்தான். நிலம், வரி ரசீது யார் பேரிலோ அவருக்குத்தான் ஓட்டு. புருஷன் சொத்து பெண்டாட்டி கணக்கில் வராது. நம்ம பக்கம் பெண்ணுக்குப் பவுன் போடுவார்கள், சீர் செய்வார்கள், எருமை கூட ஓட்டி விடுவார்கள். தோட்டம் மட்டும் பையன் பேரில். காதில் கழுத்தில் எவ்வளவு கிடந்தாலும் வாக்காளர் பட்டியலில் பேர் ஏறுமா? உங்கள் அம்மிச்சி பேரில் ஒரு செண்டு இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

இதை நான் கதையாகப் படிக்கவில்லை. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-ல் சட்டம் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. எனக்கு 1986-ல் ஆச்சு. 2005-ல் டெல்லி சட்டத்தைத் திருத்துவதற்குள் அண்ணன்மார் பாகம் பிரித்துப் பத்திரமும் பதிந்தாகிவிட்டது. கிணறு இருக்கிற காடு பெரியவருக்கு. பொங்கலுக்குச் சேலை வருகிறது, குறை சொல்லக் கூடாது.

பெருந்துறை மஞ்சமண்டி:
டீச்சரம்மா சொன்னது சரிங்க, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1935 இந்திய அரசுச் சட்டத்துக்கு அப்புறம் கதவு கொஞ்சம் திறந்தது. புருஷன் சொத்தை வைத்தும், எழுதப் படிக்கத் தெரிந்தாலும் பெண்ணுக்கு ஓட்டு. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது வழியும் அடைப்பு. எல்லோருக்கும் என்று வந்தது முதல் பொதுத்தேர்தலில்தான். அப்போதும் வடக்கே சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கினார்கள். பேரைச் சொல்லாமல் இன்னார் சம்சாரம், இன்னார் மகள் என்றே எழுதச் சொன்னார்களாம். நம்ம மொய் நோட்டைப் புரட்டினால் இன்றைக்கும் அதே கதைதான், கொடுத்தது அக்கா, பேர் மச்சானுக்கு.

கவுந்தப்பாடி மருமகள்:
அம்மாவிடம் கேட்டேனுங்க. அம்மிச்சி பேரில் ஒன்றுமில்லை, கையெழுத்தும் தெரியாது. கசின்ஸ் மதனப்பள்ளியில் தேசிய கீதத்துக்கு ஸ்வரம் எழுதியது, 1922-ல் இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட் ஆனது, 1932-ல் வேலூர் சிறை எல்லாம் மகள் சேர்த்திருக்கிறாள். ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கவில்லை.

தாராபுரம் டீச்சர்:
தேசிய கீதத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், மேடை ஏறுகிற எல்லாப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். மாஜிஸ்திரேட் ஆன அம்மாவையே பத்து வருஷத்தில் வேலூரில் போட்டார்கள், அதுவும் பிரிட்டிஷ் அரசின் அவசரச் சட்டத்தை எதிர்த்து மேடையில் பேசியதற்கு. அதில் ஆரம்பிக்கட்டும். சொத்து விஷயத்துக்கு ஒரு முழு நிமிஷம் வேண்டும்.