மறுமொழி: ‘பாசிட்டிவிட்டி ரெசொனன்ஸ்’ – ‘உவகைப் பரிவு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். இருவர் ஒரு கணம் இனிய உணர்வைப் பகிர்ந்து இசைந்து போவதை உளவியலில் ‘பாசிட்டிவிட்டி ரெசொனன்ஸ்’ என்கிறார்கள். மூத்தோருக்கான கையேட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சுக்கு என் மறுமொழி இது. ஈப்போ ஐயா எழுதியிருந்தார்:

> ‘நேர்மறை ஒத்ததிர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை.

ஈப்போ ஐயா சொல்வதுபோல் இரண்டும் புழக்கத்தில் உள்ளவைதாம். ஆனால் போன மாதம் இங்கே பினாங்கில், மூத்தோர் கூட்டம் ஒன்றில் இதே சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பாட்டி, “அதிர்வுன்னா கை நடுங்குமே, அதுவாம்மா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அதிர்வு என்றதும் நம் காது நடுக்கத்துக்கும் அதிர்ச்சிக்கும்தான் போகிறது.

‘நேர்மறை’யும் எனக்கு உறுத்துகிறது. எதிர்மறையில் உள்ள ‘மறை’ மறுப்பைக் குறிப்பது. இலக்கணத்தில் அதற்கு இணை உடன்பாடு. மறுப்புக்கு முன்னால் ‘நேர்’ போட்டால் மறுப்பு போய்விடுமா? அதற்காக ‘உடன்பாட்டு உணர்வு’ என்றால் ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கிறது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பார்பரா பிரெட்ரிக்சன் ‘பாசிட்டிவிட்டி ரெசொனன்ஸ்’ என்ற சொல்லால் குறிப்பது ஒருவருக்குள் நடப்பதை அன்று, இருவருக்கு இடையில் நடப்பதை. இனிய உணர்வு ஒன்றை இருவரும் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள்; ஒருவர் நலத்தில் மற்றவர் அக்கறை கொள்கிறார்; இருவர் அசைவும் உடல் நிலையும் இசைந்து போகின்றன. மூன்றும் பின்னிக்கொண்டால்தான் அந்தப் பெயர். அதற்கு முதலில் அச்சமில்லாத சூழல் வேண்டும். முகம் பார்த்தோ குரல் கேட்டோ அதே நேரத்தில் தொடர்பும் இருக்க வேண்டும்.

நேற்று லிட்டில் இந்தியாவில் பூ வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர், “பேத்திக்கு எஸ்.பி.எம். எப்படி?” என்று பள்ளி இறுதித் தேர்வைப் பற்றிக் கேட்டார். பூக்கார அக்காவின் விரலில் நார் பாதி முடிச்சில் நின்றது. நிமிர்ந்தார், “எட்டு ஏ!” என்றார். இருவரும் ஒரே மூச்சில் சிரித்தார்கள். அப்புறம் நார் மறுபடி ஓடத் தொடங்கியது, மூன்று வெள்ளி (ரிங்கிட்) கைமாறியது. அரை நிமிடம் இருக்காது. நமக்கு வேண்டிய சொல் இதைத் தாங்க வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘ரெசொனன்ஸ்’ என்பதற்குப் ‘பரிவு’ என்றே சொல். தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரு கவர் உலோகக் கருவி இசைக்கவை. ஒன்றைத் தட்டினால், அதே அதிர்வெண் உள்ள இன்னொன்று தொடாமலே ஒலிக்கும்; அது பரிவு. நம் வீட்டுப் பேச்சிலோ பரிவு என்றால் அன்பும் அக்கறையும். இயற்பியலும் நெஞ்சும் ஒரே சொல்லில் கைகோக்கின்றன. இப்படி ஒன்று கையில் இருக்கும்போது புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

> பரிவு துன்பப்படுபவர் மேல் காட்டுவது. மேலிருந்து கீழே போகும் சொல்.

கிள்ளான் தோழியின் இந்தத் தடை நியாயமானது. இரண்டு நாள் யோசித்தேன். அதனால்தான் முன்னால் ‘உவகை’. தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அதுவும் ஒன்று. உள்ளத்தில் எழுந்து உடலில் தெரிவதுதானே மெய்ப்பாடு. பிரெட்ரிக்சனின் ஆய்வும் உடலைத்தான் பார்க்கிறது. உவகை சேர்ந்ததும் இரக்கத்தின் நிழல் விலகி, இருவரும் சமமாக நிற்கிறார்கள் என்பது என் துணிபு. நன்றியும் வியப்பும் நம்பிக்கையும் உவகைக்குள் முழுதாக அடங்கா, ஒப்புக்கொள்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ‘இனிய உணர்வுகள்’ போதும்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: உவகைப் பரிவுக் கணம், உவகைப் பரிவு அளவுகோல். பிரெட்ரிக்சன் 1998-இல் முன்வைத்த கொள்கைக்கு ‘விரித்துச் சேர்க்கும் கொள்கை’ எனலாம். இனிய உணர்வு பார்வையை விரிக்கிறது. அப்படி விரிந்த பார்வை நட்பு, திறன், மனவலிமை எனப் பின்னாளுக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்கிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். நம் சொற்பட்டியலில் யாரோ ‘மூன்றுக்கு ஒன்று விகிதம்’ சேர்த்திருக்கிறீர்கள்; ஒரு கசப்பான உணர்வுக்கு ஏறத்தாழ மூன்று இனிய உணர்வு இருந்தால் வாழ்வு செழிக்கும் என்ற கணக்கு அது. 2005-இல் வந்த அந்தக் கணிதம் பிழை என்று 2013-இல் காட்டப்பட்டு, கணித மாதிரி திரும்பப் பெறப்பட்டது. அதற்குத் தமிழ்ப்பெயர் வைத்துப் பரப்ப வேண்டாம்.

மூத்தோருக்கான கையேடு இந்தச் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘உவகைப் பரிவு’ என்றே போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது இதைவிட நல்லதைச் சொன்னால் மாற்றிவிடுவேன்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து