செவில்லா பழைய ஊருக்குள்ள டாபஸ் பார்: சைவம் சாப்பிடுற அம்மாவோட போகலாமா?

பயணப்பை:
மக்களே, அடுத்த மாசம் அம்மாவை கூட்டிட்டு ஸ்பெயின் போறேன், செவில்லால சாந்தா க்ரூஸ்ங்கிற பழைய ஏரியா பக்கம் தங்குறோம். குட்டி குட்டி தட்டுல சாப்பாடு குடுப்பாங்களே, அந்த மாதிரி நல்ல பழைய டாபஸ் பார்ல ஒரு வேளையாவது சாப்பிடணும்னு ஆசை, ஆனா வீடியோல பாத்தா எல்லாரும் கவுன்டர்ல இடிச்சுகிட்டு நின்னுட்டே சாப்பிடுறாங்க, மேல பாத்தா வரிசையா பன்னித்தொடை தொங்குது. அம்மா முட்டை சாப்பிடுவாங்க, கறி மீன் தொட மாட்டாங்க, முட்டிவலி வேற. செட் ஆகுமா, இல்ல பேசாம பீட்சா கடைக்கே போயிடவா?

ஆலிவ்மரம்:
பீட்சாவா, ஐயோ வேணாம்ங்க. நேரத்தை மட்டும் சரியா பிடிங்க. அங்க ஆளுங்க மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் சாப்பிட வருவாங்க, ராத்திரின்னா ஒன்பது ஆயிடும். நீங்க மதியம் கடை திறந்ததும் உள்ள போயிடுங்க, டேபிள் கிடைக்கும், அம்மா நிம்மதியா உக்காரலாம். நாலு மணிலேந்து எட்டு வரைக்கும் நிறைய இடத்துல கிச்சன் மூடிடுவாங்க, அந்த நேரத்துல கதீட்ரல் பக்கம் போட்டோ மெனு வச்சு கூப்பிடுறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க.

எல் ரின்கோன்சியோ கண்டிப்பா பாருங்க, 1670ல ஆரம்பிச்ச கடை. கவுன்டர்ல நின்னு சாப்பிட்டா உங்க கணக்கை சாக்பீஸால மரப்பலகை மேலயே எழுதுவாங்க, காசு குடுத்ததும் துடைச்சு விட்டுடுவாங்க. அதை பாக்கறதுக்காகவே நான் இன்னொரு கிளாஸ் சொன்னேன் 😄

கத்தரிக்கா:
சைவத்துக்கு நான் சொல்றேன். எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ், அதாவது கீரையும் கொண்டைக்கடலையும், சீரகம் பூண்டு வாசனையோட வரும், அம்மாவுக்கு கண்டிப்பா பிடிக்கும். தோர்தியான்னா உருளைக்கிழங்கு போட்ட முட்டை ஆம்லெட்தான். சால்மோரெஹோங்கிற கெட்டியான தக்காளி சூப் ஜில்லுனு வரும், ஆனா அது மேல ஹாம், அதாவது அந்த பன்னித்தொடை கறியை தூவிதான் குடுப்பாங்க. கறி வேணாம்னு பொதுவா சொன்னா பத்தாது, ஹாமையும் சூரை மீனையும் அவங்க கறி கணக்குலயே சேக்காம விட்டுடுறது உண்டு, அதனால "சின் ஹமோன், சின் அதூன்" (ஹாம் வேணாம், சூரை வேணாம்)னு பேர் சொல்லியே சொல்லுங்க. க்ரோக்கெட்டாஸ்ங்கிற பொரிச்ச உருண்டை பாக்க அப்பாவியா இருக்கும், உள்ள பெரும்பாலும் ஹாம்தான். தேன் ஊத்தின கத்தரிக்கா வறுவல் செம்மையா இருக்கும், மீன் பொரிச்ச எண்ணெயான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

ஊர்சுத்தி:
பேசாம க்ரானடா ஊருக்கு போங்க ப்ரோ, அங்க ட்ரிங்க் வாங்கினா டாபா ஃப்ரீ!

கத்தரிக்கா:
ஃப்ரீதான், ஆனா என்ன தட்டு வரும்னு முடிவு பண்றது கிச்சன். முன்னாடியே சொல்லலைன்னா அம்மா முன்னாடி சாசேஜ் வந்து நிக்கும். செவில்லால காசு குடுக்கணும், ஆனா நாம கேட்டதுதான் வரும்.

பயணப்பை:
சூப்பர், ரொம்ப தேங்க்ஸ். ஒரு தட்டு எவ்ளோ பெருசு? மொத்தமா ஆர்டர் பண்ணிடலாமா?

ஆலிவ்மரம்:
டாபான்னா குட்டி தட்டு, மேதியா ராசியோன் அதைவிட பெருசு, ராசியோன்னா முழு தட்டு. ரெண்டு ரெண்டா சொல்லுங்க, மொத்தமா சொன்னா எல்லாம் ஒரே நேரத்துல வந்து ஆறிப்போயிடும். கேக்காமலே வர்ற ரொட்டிக்கு பில்லுல காசு இருக்கலாம், கடைக்கு வெளில போட்டிருக்கிற டேபிள்ல உக்காந்தா சில கடைல ரேட் கூட. குழாய் தண்ணி கேட்டா ஃப்ரீயா குடுக்கணும்னு 2022லேந்து சட்டமே இருக்கு, "ஆக்வா தெல் க்ரிஃபோ"ன்னு கேளுங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல, சில்லறைய விட்டுட்டு வந்தா போதும்.