மாருதி 800, கையில் 25,000: ட்ரேயில் ஓவலா, கதவில் ஸ்பீக்கரா, அதுக்கு முன்னாடி தரையா?

கோட்டையூர்க்காரன்

வண்டி 2004 மாடல் 800, ஏசி உண்டு. தினமும் காரைக்குடி–தேவகோட்டை, மாசம் ரெண்டு தடவை மதுரை. இப்ப இருக்கிறது டேஷ்போர்டுல நாலு இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டும் ஒரு பழைய சிடி செட்டும். சீட் ரெக்ஸின் கிழிஞ்சு ஃபோம் வெளியே தெரியுது. முன்னாடி இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல கார்ப்பெட் எப்பவும் நசநசன்னு இருக்கு. கடையில பின் ட்ரேக்கு (பின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பலகை) ஒரு ஜோடி 6×9 இஞ்ச் ஓவல் ஸ்பீக்கர், நாலு சேனல் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற பெட்டி), ஒரு பேஸ் டியூப் (குழல் வடிவ சப்வூஃபர்), மிச்சக் காசுல சீட் கவர்னு சொல்றாங்க. செய்யலாமா?

ஆறுக்கு ஒன்பது

பேஸ் டியூபை மட்டும் அடிச்சிருங்க தம்பி, மத்ததெல்லாம் சரி. 6×9 கூம்போட பரப்பு ஆறரை இஞ்ச் வட்ட ஸ்பீக்கரைப் போல கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு. அம்புட்டுக் காத்தைத் தள்ளுறதால தனியா சப்வூஃபர் இல்லாமலே தவில் தவிலாக் கேக்கும். ட்ரேக்குக் கீழ இருக்கிற டிக்கி முழுசும் அதுக்குப் பெட்டி மாதிரி. 12 மி.மீ. ப்ளைவுட், ஒரு ஜிக்ஸா, ஒரு மணி நேர வேலை. கதவுல வைக்கிறேன்னு போனா தகரத்தை வெட்டணும், வெட்டின விளிம்பு துருப்பிடிக்கும், கண்ணாடி இறங்குறப்ப காந்தத்துல இடிக்கும். இருபது வருச வண்டியை அறுக்கக் கூடாதுங்கிறது என் கட்சி.

செம்மண் ரோடு

அண்ணே, ட்ரேயில வச்சா பாடுறவர் பின் சீட்டுல உக்காந்து பிடரியில பாடுவார். முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு சீட்டும் தலையும் மறைச்சு மேல் ஸ்தாயி மழுங்கிப் போய், பேஸ் மட்டும் முதுகுல குத்தும். அதைச் சரிக்கட்டத்தான் எல்லாரும் ட்ரெபிளைக் கடைசி வரை திருகி வைக்கிறாங்க.

வெயிலும் இருக்கு. பின் கண்ணாடிக்கு நேர் கீழ ட்ரே. சித்திரை வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள 60 டிகிரி சாதாரணம். கூம்பைச் சுத்தி ஃபோம் விளிம்பு இருந்தா கொஞ்ச வருஷத்துல பொடிப்பொடியா உதிரும். அப்படியே ட்ரேயிலதான் வைக்கணும்னா ரப்பர் விளிம்பு, பாலிப்ராப்பிலீன் கூம்பு பாத்து வாங்கணும், பேப்பர் கூம்பு கூடாது.

எடையையும் பாருங்க. ஓவல் ஒரு ஜோடி 3, 4 கிலோ, பலகை இன்னொரு 4 கிலோ. சும்மா கொக்கியில உக்காந்திருக்கிற பலகை, சடன் பிரேக் போட்டா நேரா பின் சீட்டுக்காரங்க கழுத்துக்கு வரும். ரெண்டு பக்கமும் எல் கிளாம்ப், 8 மி.மீ. போல்ட், பெரிய வாஷர் போட்டு இறுக்காம யாரும் வைக்காதீங்க.

ஆறுக்கு ஒன்பது

கிளாம்ப் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா பங்காளி, கதவு மட்டும் என்ன கோயில் மண்டபமா? 800 கதவு ரெண்டு தகரம், நடுவுல காத்து. ஸ்பீக்கர் வச்சா பேஸ் வராது, கதவுதான் கிடுகிடுங்கும்.

செம்மண் ரோடு

சும்மா வச்சா கிடுகிடுக்கத்தான் செய்யும். கூம்பு முன்னாடி தள்ளுற அலையும் பின்னாடி தள்ளுற அலையும் எதிர் எதிர். உள் தகரத்துல இருக்கிற பெரிய ஓட்டை வழியா பின் அலை வந்து முன் அலையோட கலந்தா பேஸ் அங்கேயே அடிபட்டுப் போகும். ஓட்டையை அடைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

வரிசையாச் சொல்றேன். கதவு பேடை (உள்பக்க அட்டையை) கழட்டணும். கண்ணாடி சுத்துற கைப்பிடிக்குப் பின்னாடி வளைஞ்ச கம்பி கிளிப் இருக்கும், ஒரு பழைய துணியை இடுக்குல விட்டு ரெண்டு பக்கமும் மாத்தி இழுத்தா தெறிச்சு வந்திடும் (எங்க விழுதுன்னு கண்ணு வச்சுக்கோங்க). பேடோட பிளாஸ்டிக் கிளிப்புகள்ல நாலஞ்சு உடையத்தான் செய்யும், முன்கூட்டியே பத்து வாங்கி வைங்க.

கண்ணாடியை முழுசா இறக்கி, தகரத்துல இருந்து கண்ணாடி வரைக்கும் ஆழம் அளங்க. ஸ்பீக்கர் அட்டையில போட்டிருக்கிற மவுண்டிங் டெப்த் அதைவிட 5 மி.மீ.யாவது கம்மியா இருக்கணும். ஆழம் பத்தலைன்னா 12 மி.மீ. மரைன் ப்ளைவுட்ல வளையம் அறுத்து ஸ்பீக்கரை வெளியே தள்ளலாம். எம்டிஎஃப் (மரநார் அழுத்தின பலகை) வேண்டாம், கதவுக்குள்ள மழைத் தண்ணி ஓடும், ஒரு ஐப்பசி தாங்காது, ஊறி உப்பிடும். வளையத்துக்கு ரெண்டு கோட் எனாமல், அறுத்த விளிம்புக்கு மூணு கோட்.

வளையம் வச்சா அடுத்த வில்லங்கம், கைப்பிடியும் சீட்டு ஓரமும் ஸ்பீக்கர் முன்னாடி இருக்கிற கிரில்லுல (வலை மூடி) இடிக்கும். இதுக்குச் சப்பாத்தி மாவு போதும். எலுமிச்சங்காய் அளவு நாலு உருண்டை, பாலித்தீன் சுத்தி வளையத்தைச் சுத்தி ஒட்டி, கதவைச் சாத்தி, கைப்பிடியை ஒரு முழுச் சுத்து சுத்தித் திறங்க. நசுங்கி மிஞ்சின மாவோட உயரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற இடம். கிரில் அதுக்குள்ள அடங்கினா தகரத்தை வெட்டுங்க, இல்லைன்னா ஆறரையை விட்டு அஞ்சேகால் இஞ்ச்சுக்கு இறங்குங்க. வெட்டின விளிம்பை அரம் போட்டு அன்னிக்கே ப்ரைமர் அடிச்சா துருவுக்கு வேலை இல்லை.

ஆறுக்கு ஒன்பது

மாவுக் கணக்கு நல்லா இருக்கு. இனிமே அதிர்வை அடக்குற அந்தக் கறுப்பு ஷீட்டை எடுத்துக்கிட்டு வருவீங்க பாருங்க, கதவு முழுக்க ஒட்டணும்னு. மொத்தமே 650 கிலோ சொச்சம் இருக்கிற வண்டி, 37 குதிரை. அதுமேல இருபது கிலோ தாரை ஏத்தினா ஏசி போட்டுக்கிட்டு ஒரு மேம்பாலம் ஏறுமா?

செம்மண் ரோடு

முழுக்க ஒட்டச் சொல்றவன் ஷீட் விக்கிறவன். தகரம் அதிர்றதை அடக்க வெளித் தகரத்துல கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு பரப்பு மூடினாப் போதும், நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். விரல் முட்டியால தட்டிப் பாருங்க: "டங்"னு ஒலிக்கிற இடத்துல ஒரு துண்டு ஒட்டினா "தொப்"புனு அடங்கும், அதோட நிறுத்திக்கலாம். 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டுற ரப்பர்) ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோ சொச்சம் வரும், ரெண்டு கதவுக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு மேல செலவாகாது. உள் தகரத்து ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகட்டால மூடி, அதுமேல ஷீட் போட்டா ஸ்பீக்கருக்குப் பெட்டி ரெடி.

மொட்டை மாடி ஒழுக்குக்கு ஒட்டுற தார் ஷீட்டை மட்டும் கதவுல ஒட்டாதீங்க. பாக்க ஒண்ணு போலவே இருக்கும், மேலே அலுமினியமும் இருக்கும். நம்ம ஊர் வெயில்ல இளகிச் சரிஞ்சு கீழ வடிகால் துளையை அடைக்கும், வண்டிக்குள்ள ரோடு போடுற வாசனை வரும். ஒரு துண்டு வாங்கி மத்தியான வெயில்ல தகரத்துல செங்குத்தா ஒட்டிப் பாத்தா ஒரே நாள்ல வண்டவாளம் தெரிஞ்சிடும்.

கண்டாங்கி

ரெண்டு பேரும் கேள்வியில இருந்த முக்கியமான வரியைத் தாண்டிப் போயிட்டீங்க. இடது பக்கக் கார்ப்பெட் நசநசப்பு. அது தீராம புது கார்ப்பெட்டோ ஷீட்டோ போட்டா, தண்ணியைப் பெட்டியில பூட்டி வச்ச கதைதான். அடியில துரு தகரத்தைத் தின்னுக்கிட்டே இருக்கும். 15 வருஷம் தாண்டின வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியான்னு பாக்குற சோதனை). தரை ஓட்டையாப் போனா ஸ்பீக்கரை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?

தண்ணி எங்கேருந்துன்னு முதல்ல பாருங்க தம்பி. கார்ப்பெட்டை மடக்கிக் காயவிட்டு, அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு, மழை இல்லாத நாள்ல ஏசியை இருபது நிமிஷம் ஓட விடுங்க. நல்லா வேலை செய்யிற ஏசி வண்டிக்கு அடியில சொட்டணும். அடியில சொட்டாம உள்ளே பேப்பர் நனைஞ்சா, குளிர்ப்பெட்டியோட வடிகால் குழாய் செம்மண் தூசியில அடைச்சிருக்கு. கீழே இருந்து காத்தடிச்சா இல்லை நைலான் ஒயர் விட்டா திறந்துக்கும். இரும்புக் கம்பி விடாதீங்க, பெட்டிக்குள்ள இருக்கிற எவாப்பரேட்டர்ல (ஏசியோட குளிர்ச் சுருள்) குத்திட்டா ஸ்பீக்கர் பட்ஜெட் முழுக்க அதுக்கே போகும்.

ஏசிக்கு நனையாம, வண்டி கழுவினா மட்டும் நனைஞ்சா ரெண்டு இடம்: முன் கண்ணாடி ரப்பர், இல்லைன்னா கதவு பேடுக்குப் பின்னாடி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள். யாராவது ஒருத்தர் ஸ்பீக்கர் மாத்தும்போது கிழிச்சுப் போட்டிருப்பாங்க.

தரையில மேலாக்க துருன்னா ஒயர் பிரஷ், துரு மாத்துற கரைசல், ப்ரைமர், தகரம் சேருற இடங்கள்ல பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட். கட்டை விரலால அழுத்தினா உள்வாங்குற இடம் இருந்தா டிங்கர்கிட்ட போய் வெட்டி வெல்டு வைக்கணும், வேற வழியில்லை. தரையில இருக்கிற ரப்பர் மூடிகளைத் திரும்ப மாட்டுங்க, பாதிப் பேர் மறந்துடுறாங்க.

கோட்டையூர்க்காரன்

ஆச்சி, சீட்டுக்கு? கவர் போட்டா போதுமா?

கண்டாங்கி

கிழிஞ்ச ஃபோம் மேல கவர் போட்டா ஆறு மாசத்துல கவரும் அதே இடத்துல குழியும். ஓட்டுநர் சீட்டுல வெளித்தொடைப் பக்கம்தான் முதல்ல உடையும், ஏறி இறங்குறப்ப அந்த ஓரத்துல எடை விழும். பழைய ஃபோமைக் கழட்டி, அந்த ஓரத்துக்கு 40 டென்சிட்டி (கெட்டி) ஃபோம் வெட்டி ஒட்டச் சொல்லுங்க. முழுசும் மாத்தத் தேவையில்லை. அடியில ஸ்பிரிங், கம்பி அறுந்திருக்கான்னு அப்பவே பாத்துடுங்க.

துணி விஷயம்: வெயில்ல நின்ன ரெக்ஸின்ல சட்டை முதுகோட ஒட்டும். உக்காருற நடுப்பகுதிக்குக் காத்துப் போற ஜாக்கார்டு துணி, பக்கவாட்டுக்கு ரெக்ஸின்னு ரெண்டும் கலந்து தைக்கலாம். தையலுக்கு நைலான் நூல் கேளுங்க, பருத்தி நூல் வியர்வையிலயும் வெயில்லயும் அறுந்து போகும்.

அடுத்த கேள்வியையும் நானே கேட்டுக்கிறேன்: காரைக்குடிக் கண்டாங்கியைச் சீட்டுக்குப் போடலாமா? 2019-ல புவிசார் குறியீடு வாங்கின புடவை, கட்டிக்கத்தான் நெய்யிறாங்க. தினம் ஏறி இறங்குற உரசலை அது தாங்காது. ஆசையா இருந்தா கதவு பேடோட நடுப்பகுதியில ஒட்டுங்க. முதல்ல ஒரு தடவை நனைச்சுக் காயவச்சு வெட்டுங்க, இல்லைன்னா கட்டம் சுருங்கிக் கோணிடும்.

ஃபியூஸ் போச்சு

ஆம்ப் பத்தி யாரும் பேசலை. பெட்டி மேல "50 வாட் × 4"ன்னு போட்ட செட்டே போதுமா, தனி ஆம்ப் வேணுமா?

14.4 வோல்ட்டை 4 ஓமுக்குச் சதுர அலையா விட்டா 14.4 × 14.4 ÷ 4, அதாவது 51.8 வாட். பெட்டியில போடுறது இந்தக் கணக்கு. பாட்டைச் சிதையாம ஓட்டினா சைன் அலைக்கு அதுல பாதி, சிப்புக்குள்ள போற நஷ்டம் கழிச்சா 18ல இருந்து 20 வாட்தான் நிக்கும். 800 மாதிரி சின்ன கேபினுக்கு அது கம்மி இல்லை, ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும்கிறது) நல்லா இருந்தா. 86 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டுக்குத் தர்ற சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டுல தந்திடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் ரெண்டு மடங்கு.

ஆம்ப் போட்டா கரன்ட் கணக்கு வேற. 4 × 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற பவர்), ஏபி வகை ஆம்ப், 60 சதவீதத் திறன்னு வச்சா உச்சத்துல 24 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் ரெண்டும் 8 ஆம்பியர், அதுக்கு மேல ஏசி ப்ளோயர், கண்டென்சர் ஃபேன். ரயில்வே கேட்ல ஐடிலிங்ல நிக்கிறப்ப ஆல்டர்னேட்டர் முழு கரன்ட் தராது, மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கணும். ஆம்ப் வேணும்னா டி வகை பாருங்க, அதே சத்தத்துக்கு இழுவை கம்மி.

ஒயர் 10 சதுர மி.மீ. சுத்தச் செம்பு. கடையில தர்ற கிட் பெரும்பாலும் செம்பு பூசின அலுமினியம். பிளேடால ஒரு இழையைச் சுரண்டினா உள்ளே வெள்ளையாத் தெரியும். ஃபியூஸ் பேட்டரியில இருந்து 45 செ.மீ.க்குள்ள. ஆம்ப் பக்கத்துல வச்சா பிரயோஜனம் இல்லை, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்) ஓட்டையில ஒயர் உரசி ஷார்ட் ஆனா ஃபியூஸ் வரைக்கும் இருக்கிற ஒயர்தான் எரியும். அந்த ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் கட்டாயம்.

ஆறுக்கு ஒன்பது

இன்ஜின் ஏறுறப்ப "ங்ய்ய்"னு கூடவே ஏறுற சத்தம் வருமே, அதையும் சொல்லிருங்க.

ஃபியூஸ் போச்சு

செட்டுல இருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோற ஆர்சிஏ ஒயரையும் பவர் ஒயரையும் ஒரே பக்கமா இழுத்தாலும் வரும், எர்த் சரியில்லைன்னாலும் வரும். பவர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். எர்த்தைப் பெயின்ட் சுரண்டின வெறுந்தகரத்துல குட்டையா இறுக்குங்க. செட்டோட இணைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1.5 வோல்ட் செல் வச்சுப் பாருங்க: பிளஸ்ஸுக்கு பிளஸ் வச்சா கூம்பு வெளியே வரணும். ஒண்ணு மட்டும் உள்ளே போனா பேஸ் காணாமப் போகும், நீங்க ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க.

ஆறுக்கு ஒன்பது

சரி, கோட்டையூர்த் தம்பிக்கு என் தீர்ப்பு கொஞ்சம் இறங்குது. கதவுல ஆறரையோ அஞ்சேகாலோ, நல்ல சென்சிட்டிவிட்டி, புது செட், ஆம்ப் இப்ப வேண்டாம். ஆனா பின்னாடி புள்ளைங்க உக்காந்தா அவங்களுக்கும் பாட்டு வேணும்ல? கிளாம்ப் போட்டு ஓவல் வைங்க, செட்டுல ஃபேடரை (முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பங்கு போடுறது) முன்பக்கம் தள்ளிவைங்க. இதுல நான் மாற மாட்டேன்.

செம்மண் ரோடு

காசு மிஞ்சினா வைங்க அண்ணே, சண்டை இல்லை. மிஞ்சாது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதுக்குக் கீழ இருக்கிற பேஸை வெட்டுறது) போட்டா, இருக்கிற 20 வாட்டுலயே தெளிவாப் பாடும்.

கோட்டையூர்க்காரன்

ஏசி குழாய், தரை, கதவு, சீட்டுனு போறேன். கதவு பிளாஸ்டிக் தாள் கிடைக்கலைன்னா?

கண்டாங்கி

உர மூட்டைக்கு உள்ளே வர்ற மாதிரி கெட்டிப் பாலித்தீனைப் பேட் அளவுக்கு வெட்டி, சுத்தி பியூட்டைல் நாடா. கீழ் ஓரம் கதவுத் தகரத்தோட உட்பக்கம் போய் விழணும், வெளியே தொங்கக் கூடாது. பேடை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியைக் கண்ணாடி மேல வெளிப்பக்கமா ஊத்துங்க. கதவோட அடி விளிம்புத் துளைகள்ல வடிஞ்சு வண்டிக்கு வெளியே விழணும். உள்ளே கதவுப் படி ஓரத்துல ஒரு சொட்டு வந்தாலும் நாடாவைப் பிரிச்சு மறுபடி ஒட்டுங்க.