புதுப்பிப்பு: எவர்சில்வர் டப்பாவுக்குள் போன் ஏன் அடித்தது?

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: போனை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன், ஆனாலும் மணி அடித்தது. வெளியே இருக்கும் மின்புலம் உலோகக் கூண்டுக்குள் வராது என்று 1836-இல் விஞ்ஞானி ஃபாரடே உலோகத் தகடு ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து காட்டியது பொய்யா?

பொய் இல்லை. மூடியின் இடுக்குதான் காரணம் என்று சொன்னவர்களுக்கு நன்றி.

நேற்று சமையலறை அலுமினியத் தாளால் மூடி விளிம்பைச் சுற்றிலும் இரண்டு மடிப்பு போட்டு, விரலால் நன்றாக அழுத்தினேன். "தொடர்பு எல்லைக்கு வெளியே." மூன்று தடவையும் அதேதான்! பிறகு தாளை எடுத்துவிட்டு, வெறும் மூடியை மட்டும் போட்டேன். திரும்ப அடித்தது.

நான் தப்பாக நினைத்தது இதைத்தான்: இடுக்கு மயிரிழை அளவுதானே, அலை எப்படி நுழையும்? அகலத்தைவிட நீளம்தான் முக்கியம். அலை பட்டதும் உலோகப் பரப்பில் மின்னோட்டம் ஓடி, உள்ளே வரும் புலத்தை ரத்து செய்கிறது. இடுக்கு குறுக்கே வந்தால் அந்த ஓட்டம் தடைபடும். போன்கள் பயன்படுத்தும் அலைகளில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 செ.மீ.; அதில் பாதி நீளமுள்ள இடுக்கே ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். என் டப்பாவின் சுற்றளவோ 47 செ.மீ.

தாள் மெல்லியதாச்சே என்று சிலர் கேட்டீர்கள். இந்த அதிர்வெண்ணில் அலுமினியத்துக்குள் மின்னோட்டம் பெரும்பாலும் 3 மைக்ரானுக்குள்ளேயே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடங்கிவிடும். தாள் அதைவிடப் பல மடங்கு தடிமன்.

மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்த போன் அடித்தால் அடுப்பு கசிகிறது என்று பயப்படாதீர்கள். அதன் கதவு, அடுப்பு பயன்படுத்தும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தடுப்பதற்காக வடிவமைத்தது. போன் மிக மங்கிய சிக்னலையும் பிடித்துவிடும்.

அடுத்து கொசுவலைக் கம்பியில் செய்து பார்க்கிறேன்.