டிஷ்யூ ஆலையில் கார்பன் உமிழ்வு: கொதிகலனை மாற்றுவதா, ஈரத்தைப் பிழிவதா?

கேள்வி

வணக்கம். கொங்குப் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 டன் டிஷ்யூ ஜம்போ ரோல் தயாரிக்கும் ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் கொதிகலன் நிலக்கரியில் ஓடுகிறது. தாளை உலர்த்தும் பெரிய சூடான உருளையான யாங்கியின் மேலுள்ள ஹூட்டும் (சூடான காற்றை ஊதும் மூடி) நீராவியில்தான் சூடாகிறது. ஒரு டன் காகிதத்துக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கணக்கை, எங்களிடம் வாங்கும் நிறுவனம் இவ்வாண்டு முதல் கேட்கிறது. நெல் உமிக் கொதிகலன் வாங்கிவிடலாம் என்பது முதலாளியின் எண்ணம். பெரிய முதலீடு என்பதால், அதற்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டா என்று அறிய விரும்புகிறேன். ஈரத்தைப் பிழியும் பிரஸ்ஸைத் தாண்டி வரும் தாளின் உலர்ச்சி 38 விழுக்காடு, அதாவது எடையில் 38 பங்கு நார், மீதி நீர்.

மறுமொழி 1

அந்த 38 என்ற எண்ணிலிருந்தே தொடங்குங்கள். 38 விழுக்காட்டில் ஒரு கிலோ நாரோடு 1.63 கிலோ நீர் யாங்கிக்குப் போகிறது. அதுவே 42 ஆனால் 1.38 கிலோ மட்டுமே. அதாவது, ஆவியாக்க வேண்டிய நீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, எரிபொருளைத் தொடாமலேயே குறைந்துவிடுகிறது. ஃபெல்ட்டின் (ஈரத் தாளைத் தாங்கி நீரை வாங்கும் தடித்த துணி) வயது, அதைக் கழுவும் ஷவர், நீரை உறிஞ்சும் சக்ஷன் ரோலின் துளைகளில் அடைப்பு, வேக்கத்தின் (உறிஞ்சும் வெற்றிடம்) அளவு ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். தாளின் குறுக்கே ஈரம் சீராக இருக்கிறதா என்பதையும் அளந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரக் கோடு விழுந்தால், அந்த ஒரு சாணுக்காக முழுத் தாளையும் அளவுக்கு மேல் காய்ச்சிக்கொண்டிருப்போம். எங்கள் இயந்திரத்தில் பல மாதங்கள் இப்படித்தான் நடந்தது.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. அழுத்தத்தை மட்டும் கூட்டினால் தாளின் பருமன் குறைந்து மென்மை கெடும். முகத்துடைப்பான் ரகத்தில் வாங்குபவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன் ஃபெல்ட்டையும் வேக்கத்தையும் சரிசெய்யுங்கள்.

ஆற்றல் தணிக்கைக்காக நான் சென்ற ஓர் ஆலையில், யாங்கிக்குப் பின்னால் இருந்த சாக்கடையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து மாறிய நீர்) குழாயின் வாய் நேரே அதில் திறந்திருந்தது. கைவைக்க முடியாத சூட்டில் இருந்த தூய நீரைக் கொட்டிவிட்டு, மறுபுறம் குளிர்ந்த நீரைக் கொதிகலனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஊட்டுநீரின் வெப்பம் 6 பாகை செல்சியஸ் உயர்ந்தால் எரிபொருள் சுமார் 1 விழுக்காடு மிச்சமாகும் என்பது கொதிகலன் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் வால்வுகளான ஸ்டீம் டிராப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். ஹூட்டிலிருந்து வெளியேறும் காற்று போதிய ஈரமின்றிப் போனால், சூட்டைக் கூரை வழியாக வீசுகிறீர்கள் என்று பொருள்.

மறுமொழி 3

எரிபொருளை மாற்றுவது தவறல்ல. நியூசிலாந்தின் கவெராவில் எசிட்டி நிறுவனத்தின் டிஷ்யூ இயந்திரம் புவிவெப்ப நீராவியில் ஓடுகிறது. ஜெர்மனியின் மைன்ஸ்-கோஸ்ட்ஹைமில் அதே நிறுவனம் பசுமை ஹைட்ரஜனை (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் எடுக்கும் ஹைட்ரஜன்) எரிபொருளாகச் சோதித்தது. கவெராவில் பூமிக்கடியிலேயே வெப்பம் இருக்கிறது. நம் பக்கத்தில் இருப்பது உமி. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதிலுள்ள சிலிக்கா குழாய்களை அரிக்கும். அறுவடை இல்லாத மாதங்களில் விலையும் ஏறும். நீராவித் தேவையைக் குறைத்த பிறகு வாங்கினால் சிறிய கொதிகலனே போதும், உமியும் குறைவாகவே தேவைப்படும்.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள். நம் நாட்டில் மின் கட்டமைப்பிலிருந்து பெறும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. வேக்கம் பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஸ்டீம் டிராப்புகளைச் சோதித்தோம்; இரண்டு முழுவதுமாகத் திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தன. ஃபெல்ட்டும் மாற்ற வேண்டிய காலத்தைக் கடந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் அதை மாற்றி, பிரஸ்ஸுக்குப் பின் உலர்ச்சியை மீண்டும் அளந்து, எண்களை இங்கேயே பதிவிடுகிறேன். அதுவரை கொதிகலன் விலைப்புள்ளியை நிறுத்திவைக்க முதலாளி ஒப்புக்கொண்டார்.